இபக்கராயி ஏரிப் பாட்டில் அந்தப் பெண்ணுக்கு ஏன் பெயரே இல்லை?

மாலைவகுப்பு எழுதியது:

வணக்கம். ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. வகுப்பு முடியும் நாளில் ஆளுக்கு ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். எனக்கு வந்தது ‘ரெகுவெர்தோஸ் தே இபக்கராயி’, அதாவது ‘இபக்கராயி நினைவுகள்’. பராகுவே நாட்டுப் பாட்டு. இசை தெமெத்ரியோ ஓர்த்திஸ், வரிகள் சுலேமா தே மிர்கின் என்று தாளில் இருக்கிறது.

பாட்டு ரொம்பச் சின்னது. வெதுவெதுப்பான ஓர் இரவில், நீல ஏரிக் கரையில் இரண்டு பேர் சந்திக்கிறார்கள். அவள் வழியெல்லாம் சோகமாகப் பழைய குவாரானிப் பாட்டுகளை (குவாரானி அந்த நாட்டுப் பழங்குடி மொழி) பாடிக்கொண்டு வருகிறாள், அந்தப் பாட்டு மயக்கத்திலேயே அவனுக்குக் காதல் பிறக்கிறது. முழுநிலா. அவளுடைய வெள்ளைக் கையின் சூடு. நடந்தது அவ்வளவுதான். அதற்கு அடுத்த வரியிலேயே ‘எங்கே இருக்கிறாய்’ என்று கேட்க ஆரம்பிக்கிறான், பாட்டு முடியும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். அவள் செத்துப்போனாளா, ஊரைவிட்டுப் போனாளா, வேறு ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாளா என்று ஒரு வார்த்தை இல்லை.

வார்த்தை வார்த்தையாக எல்லாம் புரிகிறது, ஒன்றைத் தவிர. அவளை ‘குஞாத்தாயி’ என்று கூப்பிடுகிறான். முதல் தடவை கேட்டபோது ‘தாயி’ என்றே காதில் விழுந்தது, அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அகராதியில் தேடினால் ‘இளம்பெண்’ என்று மட்டும் இருக்கிறது. இவ்வளவு உருகுகிறவனுக்கு அவளுடைய பெயர் தெரியாதா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இதை அழுதுகொண்டு பாட வேண்டுமா, அடக்கிப் பாட வேண்டுமா? இணையத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி பாடுகிறார்கள். தப்பாகப் பாடி அந்தப் பாட்டைக் கெடுத்துவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது. அங்கே போய் வந்தவர்கள், இசை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

தெரெரே எழுதியது:

நான் 2011-லிருந்து 2014 வரை பராகுவேயில் சியுதாத் தெல் எஸ்தே நகரத்தில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கணக்குப் பார்த்தேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அந்த ஊர்ச் செம்மண் வாசனை வந்துவிட்டது.

முதலில் அந்தச் சொல். குவாரானி மொழியில் ‘குஞா’ என்றால் பெண். ‘குஞாத்தாயி’ கல்யாணம் ஆகாத இளம்பெண். கடைக்கு வரும் பெண்ணை, பேருந்தில் சீப்பா விற்க ஏறும் பெண்ணை (மரவள்ளி மாவும் சீஸும் போட்டுச் சுடும் வளைய ரொட்டி அது, கூடையில் துணி மூடிக் கொண்டுவருவார்கள்) அப்படித்தான் கூப்பிடுவார்கள். பொதுவான சொல்தான், ஆனால் வெறும் ‘ஏ பொண்ணே’ மாதிரி கிடையாது. அதில் ஒரு மரியாதையும் வாஞ்சையும் கலந்திருக்கும். பெரியவர்கள் சொல்லும்போது இன்னும் இனிமையாக இருக்கும்.

இப்போது உங்கள் தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள். முழுப் பாட்டும் ஸ்பானிஷ். குவாரானியில் இருப்பது இரண்டே சொல்: ஏரியின் பெயர், அப்புறம் இந்தக் குஞாத்தாயி. அவள் குவாரானியில் பாடியவள். அவன் தன் கதை முழுவதையும் ஸ்பானிஷில் சொல்லிவிட்டு, அவளைக் கூப்பிட வேண்டிய இடம் வந்ததும் அவள் மொழிக்குப் போய்விடுகிறான். அவள் பெயர் அவனுக்குத் தெரியுமோ தெரியாதோ, எந்த மொழியில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள் என்பது தெரிந்திருக்கிறது. அங்கே இருந்த மூன்று வருடத்தில் எனக்கு இந்தப் பாட்டில் பிடிபட்டது இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

அங்கே மக்கள் பேசுவதும் அப்படித்தான். கடையில் விலை, ரசீது எல்லாம் ஸ்பானிஷில் நடக்கும், சிரிப்பதும் திட்டுவதும் கொஞ்சுவதும் குவாரானிக்கு மாறிவிடும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவதற்கு ‘ஜோபரா’ என்றே பெயர் இருக்கிறது. 1992 அரசியல் சட்டத்தில்தான் குவாரானி ஸ்பானிஷுக்குச் சமமான ஆட்சிமொழி ஆனது. அதற்கு முன்னால் பள்ளியில் குவாரானி பேசினால் அடி விழும் என்று என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர் சொல்வார், கோதுமை மணிமேல் முட்டிபோட வைத்ததாகவும் சொல்வார். பாட்டு வந்த காலம் அந்தக் காலம். அப்படி ஒரு காலத்தில் ஒரு பெண் திறந்த வழியில் குவாரானிப் பாட்டுப் பாடிக்கொண்டு நடக்கிறாள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பாடுங்கள்.

ஏரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தலைநகர் அசுன்சியோனிலிருந்து கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர். மேற்குக் கரையில் அரெகுவா, மண்பாண்டமும் ஸ்ட்ராபெரியும் பெயர் பெற்ற ஊர். கிழக்குக் கரையில் சான் பெர்னார்தினோ, 1881-ல் ஜெர்மானியர்கள் வந்து குடியேறிய ஊர், கோடையில் பணக்காரர்கள் கூட்டம். நான் முதல் தடவை போனது 2012-ல். பாட்டில் ‘நீல ஏரி’ என்று கேட்டுக் கேட்டு ஆசையோடு போனேன். தண்ணீர் பச்சையாக இருந்தது. பாசி வகை நுண்ணுயிர் பெருகி, கரையில் பெயிண்ட் கொட்டிய மாதிரி படிந்து, நாற்றம். குளிக்கக் கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். சுற்றியுள்ள ஊர்களின் கழிவும் ஓடைகள் வழியாக அதில்தான் வந்து சேர்கிறது, ஆழமும் குறைந்த ஏரி. கரையில் ஒரு குடும்பம் தெரெரே குடித்துக்கொண்டு இருந்தது (குளிர்ந்த நீர் ஊற்றிக் குடிக்கும் மூலிகைத் தேநீர், ஒரே குவளை எல்லோருக்கும் சுற்றி வரும்). அந்த வீட்டுத் தாத்தா எனக்கும் நீட்டினார். எதற்காக வந்தாய் என்று கேட்டார். பாட்டுக்காக என்றேன். அவர் ஏரியைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு முதல் இரண்டு வரியைப் பாடினார். அழவில்லை. ஊர்ச் செய்தி சொல்கிற மாதிரி பாடினார். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்தத் தாத்தாதான்.

---

ஆறுதந்தி எழுதியது:

கிடார் வாசிக்கிறவன் என்பதால் இசைப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

இந்தப் பாட்டு ‘குவாரானியா’ என்ற வகை. நாட்டுப்புறத்தில் தானாக முளைத்தது என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் இதை ஒரு மனிதர் யோசித்து உண்டாக்கினார். ஹோசே அசுன்சியோன் ஃப்ளோரெஸ், 1904-ல் அசுன்சியோனில் ஆற்றங்கரைக் குடிசைப் பகுதியில் பிறந்தவர், போலீஸ் பேண்டில் சேர்ந்து இசை கற்றவர். பராகுவேயில் அப்போது எல்லோரும் வாசித்தது ‘போல்கா’ என்ற ஆட்ட இசை. ஐரோப்பியப் போல்காவின் பெயர் மட்டும்தான், தாளம் வேறு, விறுவிறு என்று ஓடும். அந்த வேகத்தில் குவாரானி மொழியின் சொற்கள் மூச்சு முட்டுகின்றன, பாடுகிறவருக்கு உணர்ச்சி காட்ட இடமே இல்லை என்று ஃப்ளோரெஸுக்குப் பட்டிருக்கிறது. 1925-ல் ஒரு பழைய போல்காவை எடுத்து, வேகத்தைக் குறைத்து வாசித்துப் பார்த்தார். அதிலிருந்து பிறந்தது இந்த வகை. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் குவாரானியாவைச் சேர்த்தது.

நீங்கள் பாடப்போவதற்கு இது ஏன் முக்கியம் என்றால், அந்த ஏக்கம் பெரிதும் தாளத்தில்தான் இருக்கிறது. நம் கணக்கில் சொன்னால் ஆறு துடிப்பு. கிடாரின் தடித்த தந்தி அதை இரண்டிரண்டாகப் பிரித்து மூன்று அடியாகப் போகும். குரல் மும்மூன்றாகப் பிரித்து இரண்டு அடியாகப் போகும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். காலால் மூன்று தட்டிக்கொண்டே அதே நேரத்துக்குள் கையால் இரண்டு தட்டிப் பாருங்கள். முதலில் வராது, இரண்டு நாளில் வந்துவிடும். வந்ததும் தெரியும், குரலும் கிடாரும் சேர்ந்தே நடக்கின்றன, ஆனால் சில அடிகளில்தான் சந்திக்கின்றன. அந்த இழுபறியே போதும், அதற்குமேல் நீங்கள் அழுகையைச் சேர்த்தால் தாளம் தொய்ந்துவிடும்.

இன்னொரு விஷயம், ‘ஈ’ ஓசை. இபக்கராயி, குவாரானி, குஞாத்தாயி, ‘என்னிடம்’ என்பதற்கு வரும் ‘மீ’, ‘வெறி’ என்பதற்கு வரும் ‘ஃப்ரெனெஸீ’. முக்கியமான எல்லா இடத்திலும் கடைசி அசை ‘ஈ’, அழுத்தமும் அதில்தான். குவாரானிச் சொற்களில் பெரும்பாலும் கடைசி அசைக்கே அழுத்தம் வரும். வரிகளை எழுதிய சுலேமா அர்ஜென்டினாக்காரர், ஸ்பானிஷில் எழுதியவர், ஆனால் இந்த இயைபால் ஸ்பானிஷ் வரிகளும் குவாரானி மாதிரியே முடிகின்றன. ‘குஞாத்தா’ வரை சாதாரணமாகச் சொல்லிவிட்டு ‘ஈ’யில் மெதுவாக நின்று, ஓசையைத் தானாகத் தேய விடுங்கள். கரையில் நின்று அக்கரையில் இருப்பவரைக் கூப்பிடும்போது கடைசி எழுத்தை நீட்டுவோமே, அது மாதிரி. உரக்கக் கத்த வேண்டாம்.

கேட்டுப் பழக இரண்டு பதிவு சொல்கிறேன். லூயிஸ் ஆல்பெர்தோ தெல் பரானா பாடியது, ஹார்ப் சேர்த்து. அவர் இந்த இசையை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனவர், 1963-ல் லண்டனில் அரச குடும்பத்தின் முன் பீட்டில்ஸ் பாடிய அதே மேடையில் இவர் குழுவும் பாடியது. இரண்டாவது, பிரேசிலின் கயேத்தானோ வெலோசோ 1994-ல் ஒரு தொகுப்பில் பாடியது. அது கிட்டத்தட்டப் பேசுவது மாதிரி இருக்கும். நீங்கள் கயேத்தானோவை இருபது தடவை கேளுங்கள்.

---

கரையோரம் எழுதியது:

தெரெரே அண்ணா சொன்னது ரொம்ப அழகு, ஆனால் எனக்கு இந்தப் பாட்டில் ஒரு வலி வேறு இடத்தில் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை.

அவள் முதலிலேயே சோகமாகத்தான் பாடிக்கொண்டு வருகிறாள். பாட்டில் அப்படித்தான் இருக்கிறது, ‘சோகமாக’ என்ற சொல் மூன்றாவது வரியிலேயே வருகிறது. அப்போது அவனை அவளுக்குத் தெரியாது. அவள் யாருக்காக ஏங்கினாள்? எதை இழந்திருந்தாள்? அவன் கேட்கவில்லை. அவனுக்கு அந்தச் சோகம் மயக்கமாக இருந்தது, காதல் வந்தது, கை பிடித்தான். அவள் போன பிறகு ‘எங்கே இருக்கிறாய்’ என்று கேட்கிறான். அன்றைக்கு இரவே ‘ஏன் இப்படிப் பாடுகிறாய்’ என்று கேட்டிருந்தால், எங்கே போயிருப்பாள் என்று இப்போது ஓரளவு தெரிந்திருக்குமே என்று ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோன்றும்.

அவனைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நாம் எல்லோருமே அப்படித்தான் காதலிக்கிறோம். எனக்கே ஒருவர் இருந்தார், அவர் வேலை முடிந்து வரும்போது விசிலடித்துக்கொண்டு வருவார், நான் மாடியிலிருந்து கேட்பேன், நான்கு வருடம் கேட்டேன், அது என்ன பாட்டு என்று ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது அந்த மெட்டு எனக்கு முழுசாக ஞாபகம் இருக்கிறது, பெயர் தெரியாததால் தேடவும் வழியில்லை. அதனால்தான் ‘உன் மென்மையான பாட்டு என்னிடம் வந்து சேரவில்லை’ என்ற வரி வரும்போது என்னால் தாங்க முடிவதில்லை. அவளுடைய முகம், கண், கூந்தல் எதுவும் பாட்டில் கிடையாது, பார்த்தீர்களா? கையின் சூடு ஒன்று, குரல் ஒன்று. அவன் முழுக்க முழுக்க ஒரு குரலுக்காகத்தான் ஏங்குகிறான்.

மாலைவகுப்பு, நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘தோதோ தே ரெகுவெர்தா’ என்று வருகிறதே, அதை ‘எல்லாமே உன்னை ஞாபகப்படுத்துகிறது’ என்று போடலாம், ‘எல்லாமே உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறது’ என்றும் போடலாம். அந்த வினைச்சொல் இரண்டுக்கும் பொருந்தும். நான் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வேன். தண்ணீரும் நிலாவும் வழியும் அவளை நினைத்துக்கொண்டு இருக்கின்றன, அவன் அதற்கு நடுவில் நிற்கிறான். ஏரிக்கரைக்குத் திரும்பி வந்தவனாகத்தான் எனக்கு அவன் தெரிகிறான்.

---

தெரெரே எழுதியது:

கரையோரம், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. இத்தனை வருடத்தில் அந்தச் ‘சோகமாக’ என்ற சொல்லை நான் கவனித்ததே இல்லை. நீங்கள் சொல்வது சரி.

ஆனால் அவன் ஏரிக்கரையில் நிற்கிறான் என்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அவன் தூரத்தில் இருக்கிறான் என்றே நினைக்கிறேன். காரணம், இந்தப் பாட்டு உருவான இடம். தெமெத்ரியோ ஓர்த்திஸ் பிரிபெபுயில் பிறந்தவர், ஏரியிலிருந்து ரொம்பத் தூரமில்லை. ஆனால் வாழ்ந்ததும் 1975-ல் இறந்ததும் புவெனஸ் ஐரஸில். 1947-ல் பராகுவேயில் உள்நாட்டுப் போர் நடந்தது, அதற்குப் பிறகு கூட்டம் கூட்டமாக மக்கள் எல்லை தாண்டி அர்ஜென்டினாவுக்குப் போனார்கள். வீட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் போனவர்கள்தான் அதிகம். பாட்டுக்காரர்களும் போனார்கள். ஆறுதந்தி சொன்ன ஃப்ளோரெஸும் ஆட்சியாளர்களுக்குப் பிடிக்காதவராகி, 1972-ல் புவெனஸ் ஐரஸில்தான் கண்ணை மூடினார். சர்வாதிகாரி ஸ்ட்ரோஸ்னர் 1989-ல் வீழ்ந்த பிறகு, 1991-ல்தான் அவருடைய எலும்புகள் ஊருக்கு வந்தன. பிழைக்கப் போன பராகுவேக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒன்று கூடி இந்தப் பாட்டைப் பாடும்போது குஞாத்தாயி யார் என்று நினைத்திருப்பார்கள்? விட்டுவிட்டு வந்த மனைவி, அக்கா, அம்மா, ஊர், ஏரி, எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் போய்விடும். பெயர் இல்லாதது அதற்கு வசதியாக இருக்கிறது. ஒரு பெயர் இருந்திருந்தால் அது ஓர்த்திஸுடைய பாட்டாக மட்டும் நின்றிருக்கும்.

குவாரானியில் ‘தெஷக-ஊ’ என்று ஒரு சொல் உண்டு, ‘க’வுக்குப் பிறகு தொண்டையில் ஒரு நொடி அடைத்துத் திறக்க வேண்டும். ஏக்கம் என்று பொருள். அதற்குள் ‘பார்ப்பது’ என்ற சொல் இருக்கிறது. ‘ஷே ரோஹெஷக-ஊ’ என்றால் உன்னைப் பார்க்க முடியாமல் ஏங்குகிறேன். நான் கிளம்பும் நாளில் கடையில் கூட்டிப் பெருக்கும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னார். இன்னும் கிளம்பவே இல்லையே, எதிரில்தானே நிற்கிறேன் என்று நினைத்தேன். பேருந்து ஏறி அசுன்சியோனுக்கு அந்த 300 சொச்சம் கிலோமீட்டர் வரும் வழியில் இபக்கராயி ஊர்ப் பலகையைத் தாண்டும்போதுதான் எனக்குப் புரிந்தது.

---

ஆறுதந்தி எழுதியது:

தூரத்தில் இருக்கிறானா கரையில் இருக்கிறானா என்பதை மெட்டே திறந்து வைத்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. சந்திப்பைச் சொல்லும் பகுதி தாழ்ந்த சுரத்தில் கதை சொல்வது போல நகர்கிறது. ‘எங்கே இருக்கிறாய்’ வந்ததும் மேலே ஏறுகிறது. பாடுகிறவர் மனதில் இடம் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அப்படி ஓர் இடம் இல்லாமல் பாடினால் அந்த ஏற்றம் வெறும் சத்தமாகப் போய்விடும். உங்களுக்கு எந்த இடம் வேண்டுமோ அதை முடிவு செய்துவிட்டுப் பாடுங்கள்.

சுருதி ஒன்று கீழே வைத்துக்கொள்ளுங்கள், ஆரம்பத்திலேயே உயர வைத்தால் அந்த இடத்தில் தொண்டை இறுகும்.

---

மாலைவகுப்பு எழுதியது:

நேற்று வகுப்பில் பாடிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மூன்று-இரண்டு தட்டுவதற்கு எனக்கு இரண்டு நாள் இல்லை, ஒன்பது நாள் ஆனது. சமையல் மேடையில் தட்டித் தட்டி அம்மாவுக்கும் அது பழகிவிட்டது. சுருதி ஒன்று குறைத்தேன், கயேத்தானோ பதிவை எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கே இல்லை. பாடுவதற்கு முன்னால் எல்லோருக்கும் தமிழில் பொருள் சொன்னேன், ‘எல்லாமே உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறது’ என்றே சொன்னேன். குஞாத்தாயி என்ற சொல்லை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. அது அவளுடைய மொழி என்று மட்டும் சொன்னேன்.

‘சோகமாக’ வரும் இடத்தில் கரையோரம் அக்கா கேட்ட கேள்விதான் மனதில் ஓடியது, ஏன் இப்படிப் பாடுகிறாய் என்று நானே அவளைக் கேட்கிற மாதிரி. அங்கே என் குரல் தானாகவே இறங்கியது, திட்டமிடவில்லை. கடைசி ‘ஈ’யில் அழவில்லை. டீச்சர் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அக்கா, அந்த விசில் மெட்டு முழுசாக ஞாபகம் இருக்கிறது என்றீர்களே, அதை முனகி ஒலிப்பதிவு செய்து இங்கே போடுங்கள். இத்தனை பேர் இருக்கிறோம், யாருக்காவது தெரிந்திருக்கும்.